பெயர் சொல்லாத பாட்டு

ஒரு காதற்பாட்டின் ஆயுள் எவ்வளவு? கலியாண வீட்டு ஒலிபெருக்கியில் ஒரு பருவம் முழுவதும் கேட்ட பாட்டை அடுத்த பருவத்தில் எவரும் தேடுவதில்லை. ஆனாலும் சில பாட்டுகள் மட்டும் போக மறுக்கின்றன. பாடியவர் முதுமையடைகிறார். கேட்டவர் பேரப்பிள்ளைகளைக் காண்கிறார். பாட்டோ பிறந்த அன்று இருந்ததுபோலவே இருக்கிறது. இது ஏன் என்பதை இன்று ஓர் ஆங்கிலப் பாட்டை வைத்துப் பார்க்க விரும்புகிறேன். அதற்குத் துணையாக எங்கள் மட்டக்களப்புக் கவியையும், தமிழின் பழைய அகப்பாட்டு மரபையும் அழைத்துக்கொள்கிறேன்.

நான் எடுத்துக்கொண்ட பாட்டு பீட்டில்ஸ் குழுவினரின் 'யெஸ்டர்டே'. 'நேற்று' என்பது அதன் பொருள். அது பிறந்த கதை சுவையானது. இலண்டன் விம்போல் வீதியில் 57ஆம் இலக்க வீட்டு மாடியறையில் ஒருநாட் காலை போல் மக்கார்ட்னி கண்விழித்தபோது, முழு மெட்டும் அவர் மனத்தில் நின்றது. கட்டிலருகே இருந்த பியானோவில் அதை வாசித்துப் பார்த்தார். கனவில் வந்த மெட்டு என்பதால் மகிழ்ச்சியோடு ஐயமும் எழுந்தது. எங்கோ கேட்ட பாட்டு தன் மனத்தில் ஒளிந்திருந்து இப்போது வெளிவந்ததோ? ஒரு மாதமளவில் தெரிந்தவர்களிடமெல்லாம் வாசித்துக் காட்டி, இது யாருடைய மெட்டு என்று கேட்டுத் திரிந்தார். வழியில் கண்டெடுத்த பொருளைப் பொலிசில் ஒப்படைத்துவிட்டு உரியவர் வருகிறாரா என்று பார்ப்பது போன்ற நிலை அது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். உரிமை கோரி எவரும் வரவில்லை.

மெட்டு மறந்துபோகாதிருக்க, முட்டைப் பலகாரத்தைப் பற்றிய வெறும் சொற்களை இட்டுப் பாடி வைத்துக்கொண்டார். 1965 மே மாதம் போர்த்துக்கல் நாட்டுக்கு விடுமுறையிற் சென்றபோது, நீண்டதொரு கார்ப் பயணத்திலேதான் இப்போதுள்ள சொற்கள் வந்து பொருந்தின. ஜூன் 14ஆம் திகதி ஒலிப்பதிவு நடந்தது. குழுவின் மற்ற மூவருக்கும் அதில் வேலை இருக்கவில்லை. அவருடைய குரலும் கிற்றாருமே போதுமாயிருந்தன. தயாரிப்பாளர் ஜோர்ஜ் மார்ட்டினின் யோசனைப்படி இரண்டு வயலின்களும் ஒரு வியோலாவும் ஒரு செல்லோவும் பின்னர் சேர்க்கப்பட்டன. பாடியவருக்கு அன்று வயது 22. பாட்டின் நீளம் இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல்.

இவ்வளவு சிறிய பொருள் என்ன செய்தது பாருங்கள். அமெரிக்காவில் 1965 ஒக்ரோபரில் நான்கு வாரம் முதலிடத்தில் இருந்தது. பிரித்தானியாவிலோ, குழுவின் வழமையான பாணிக்கு ஒவ்வாதது என்று அதைத் தனி இசைத்தட்டாக வெளியிட மற்றவர்கள் விரும்பவில்லை. 'ஹெல்ப்' என்ற நெடுந்தட்டின் ஒரு பாட்டாகவே அது அங்கு வெளிவந்தது. தனித்தட்டாக வர 1976 வரை காத்திருந்தது. அதற்குள் உலகம் அதைத் தன் வாயில் எடுத்துக்கொண்டுவிட்டது. 1986 வரையில் மாத்திரம் 1,600 வெவ்வேறு ஒலிப்பதிவுகள் என்று கின்னஸ் நூல் கணக்குக் காட்டியது. 1999இல் பி.பி.சி. வானொலி நடத்திய வாக்கெடுப்பில் இருபதாம் நூற்றாண்டின் சிறந்த பாட்டாகத் தெரிவானது.

இலண்டனில் பிறந்த பாட்டுக்கும் எங்கள் செட்டிபாளையத்துக்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் கேட்கலாம். மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் நெடுஞ்சாலையில், குருக்கள்மடத்தைத் தாண்டி மாங்காட்டுக்கு முன்னதாக இருக்கிறது எங்கள் ஊர். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவே மணலும் தென்னையும் வீடுகளும். எழுவான்கரை என்று சொல்வோம். வயல்கள் வாவிக்கு அப்பால் படுவான்கரையில். 1960களின் பிற்பகுதியில் இந்த மணற்கரைக்கு உலகத்தைக் கொண்டுவந்தது வானொலிதான். இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு 1950இல் தொடங்கியது. 1967 ஜனவரியில் நிறுவனம் கூட்டுத்தாபனமாகியது. பெயர் மாறினாலும் எங்களுக்கு அது றேடியோ சிலோன்தான். தமிழ்ச் சேவை முடிந்ததும் முள்ளைத் திருப்பினால் ஆங்கிலச் சேவை. அங்கே கிளிவ் ரிச்சர்ட், ஜிம் ரீவ்ஸ், பீட்டில்ஸ். சொற்களில் பாதி விளங்காது. இருந்தும் இந்தப் பாட்டு வந்தால் கடைவாசலில் பேச்சு அடங்கும். ஏதோ இழவுச் செய்தி சொல்கிறான் என்பது ஆங்கிலம் அறியாத எங்கள் ஊர் முதியவருக்கும் தெரிந்திருந்தது.

பின்னர் பாடசாலையில் ஆங்கிலம் படித்துச் சொற்கள் விளங்கத் தொடங்கியபோது எனக்கு வியப்பு வந்தது. பாட்டில் செய்தியே இல்லை! நேற்றுவரை கவலை எட்ட இருந்தது. இன்று வந்து சேர்ந்துவிட்டது. ஒருத்தி போய்விட்டாள். ஏன் போனாள்? சொல்லவில்லை. அவன் ஏதோ தவறாகச் சொல்லிவிட்டானாம். என்ன சொன்னான்? அதையும் நமக்குச் சொல்லவில்லை. அவள் யார், எந்த ஊர், எந்தக் காலம், ஒன்றுமில்லை. ஒரு கதைக்கு வேண்டிய யாவும் நீக்கப்பட்டு, கதை போன பிறகு மனத்தில் தங்கும் வெறுமை மட்டும் பாட்டாக நிற்கிறது.

இந்த வெறுமையைக் குறையென்று சொல்பவர் உண்டு. தமிழ் படித்தவர் அப்படிச் சொல்லமாட்டார். ஏனெனில் இதைத் தொல்காப்பியர் விதியாகவே வகுத்திருக்கிறார். அன்பின் ஐந்திணையைப் பாடும்போது எவரையும் பெயர் சுட்டிச் சொல்லலாகாது என்பது அவ்விதி. தலைவன் உண்டு, தலைவி உண்டு, தோழி உண்டு, செவிலி உண்டு. அவர்களுக்குப் பெயர் கிடையாது. பெயர் வந்துவிட்டால் பாட்டு புறமாகிவிடும். அது அந்த ஒருவருடைய வரலாறாகிவிடும். பெயரில்லாத இடத்தில்தான் கேட்பவர் தம்மை இருத்திக்கொள்ள முடியும். பிரிந்து இரங்குதல் நெய்தலுக்கு உரியது என்பதும் நம் மரபு. கடலுக்கும் கழிக்கும் நடுவே பிறந்த எங்களுக்கு 'யெஸ்டர்டே' பாட்டு முதல் நாளே அந்நியமாகத் தோன்றாததற்கு இதுவும் காரணமாயிருக்கலாம் என்று நான் நினைப்பதுண்டு.

பெயரில்லாமை கேட்பவருக்கு மட்டுமா இடம் விடுகிறது? பாடியவருக்கும் விடுகிறது. மக்கார்ட்னியின் தாய் மேரி 1956இல் காலமானார். மகனுக்கு அப்போது 14 வயது. காதலிக்காகப் பாடியதாகத் தான் எண்ணிய அந்தப் பாட்டில், தன்னையறியாமல் தாயின் பிரிவைத்தான் பாடினேனோ என்று பல்லாண்டுகளுக்குப் பின் அவர் பேசியிருக்கிறார். பாட்டில் ஒரு பெண்ணின் பெயர் இருந்திருந்தால் இந்தத் தாய் அங்கே நுழைந்திருக்க முடியாது.

குறுந்தொகையின் நாற்பதாம் பாட்டை எண்ணிப் பாருங்கள். உன் தாயும் என் தாயும் யாரோ, நம் தந்தையர் எவ்வகையிலும் உறவில்லாதவர்கள். இருந்தும் நம் நெஞ்சங்கள் செம்மண்ணிற் பெய்த மழைபோலக் கலந்துவிட்டன என்று ஒருவன் சொல்கிறான். சொல்பவனுக்குப் பெயரில்லை, கேட்பவளுக்கும் இல்லை. ஏ. கே. ராமானுஜன் 1967இல் அப்பாட்டை ஆங்கிலத்தில் தந்தார். பின்னர் இலண்டன் சுரங்க ரயில்களில் பயணிகள் படிக்க ஒட்டப்படும் கவிதைகளுள் ஒன்றாக அது இடம்பெற்றது. இலண்டன் மாடியறையில் பிறந்த பாட்டு வாவிக்கரைக்கு வந்தது. தமிழ்க் குறிஞ்சியிற் பிறந்த பாட்டு இலண்டன் ரயிலில் ஏறியது. இரண்டும் ஒரே வாசல் வழியாகத்தான் சென்றன.

இனி எங்கள் கவிக்கு வருகிறேன். மட்டக்களப்பில் 'கவி' என்றால் ஏட்டுக் கவிதையைக் குறிக்காது. வேளாண்மைக் காவலுக்குப் பரணில் இருப்பவன் இரவிலே நீட்டி இழுத்துப் பாடுவது கவி. அடுத்த வயற்பரணில் இருப்பவன் எடுத்து விடையிறுப்பதும் கவி. களவெட்டியில் சூடு மிதிக்கும்போதும், தோணி வலிக்கும்போதும், வீட்டுக்குள்ளே பன்னை இழைக்கும் பெண்கள் மத்தியிலும் அது வழங்கியது. தமிழர் ஊர்களிலும் முஸ்லிம் ஊர்களிலும் அது பொதுச்சொத்து. நான்கடிக்குள் ஒரு காதல் முடிந்துவிடும். அங்கேயும் பெயரில்லை. மச்சான், மச்சி, மதினி என்ற முறைப்பெயர்களே உண்டு. மாமன் மக்களும் மாமி மக்களும் மணம்புரியும் சமூகத்தில் 'மச்சான்' என்ற சொல் ஊரில் பாதிப்பேரைக் குறிக்கும். பாடுகிறவளுக்கு அது ஒருவனைத்தான் குறிக்கும். அந்த ஒருவன் யார் என்பது பாட்டுக்கு வெளியே இருக்கும்.

இதே ஊரில் பெயர் சொல்லும் பாட்டும் உண்டு. எங்கள் கண்ணகி அம்மன் கோயிலில் வைகாசிச் சடங்கின்போது கண்ணகி வழக்குரை படிக்கப்படும். அங்கே கோவலன் உண்டு, மாதவி உண்டு, பாண்டியன் உண்டு, மதுரை எரிந்த கணக்கும் உண்டு. கேட்கும் பெண்கள் கண்ணீர் விடுவர். அது கண்ணகிக்காக விடும் கண்ணீர். கவியைக் கேட்டுக் கலங்குபவள் தனக்காகக் கலங்குகிறாள். அகத்துக்கும் புறத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் புத்தகம் திறவாமலே காட்டுவதற்கு இந்த இரண்டும் போதும்.

வானொலியினால் எழுந்த நம் தமிழ்ப் பொப்பிசைக்கும் இந்த வேர் உண்டு. நித்தி கனகரத்தினம் பாடிப் புகழ்பெற்ற 'சின்ன மாமியே' அரை நூற்றாண்டு கடந்தும் கலியாண வீடுகளில் கேட்கிறது. மாமியை விளித்து அவள் மகளை விசாரிப்பதே பாட்டு. மகளுக்குப் பெயரில்லை. மணமகன் மாமியார் வீட்டிற்குக் குடிபோகும் வழக்கமுள்ள எங்கள் பகுதியில், மாமியிடம் பேசாமல் காதல் ஓரடியும் நகராது. அதனால் அந்த விளி எங்களுக்கு இன்னும் நெருக்கமாயிற்று.

இதற்கு மறுப்பும் உண்டு. பீட்டில்ஸ் குழுவினரே அதே 1965இல் 'மிஷேல்' என்று பெண்ணின் பெயரையே தலைப்பாக வைத்துப் பாடினர். அது 1967இல் ஆண்டின் சிறந்த பாட்டுக்கான கிராமி விருதைப் பெற்றது. நம் நாட்டில் ஏ. ஈ. மனோகரன் கடல்தாண்டிக் கொண்டுசென்ற 'சுராங்கனி'யோ பெயரைத் தவிர வேறு அதிகம் இல்லாத பாட்டு. அப்படியானால் விதி பிழைத்ததா? நான் அப்படி எண்ணவில்லை. அந்தச் சுராங்கனி யார்? மீன் வாங்கும் ஒருத்தி. அவளுடைய ஊரையோ குடியையோ எவரும் கேட்டதில்லை. அந்தப் பெயர் ஆளைச் சுட்டவில்லை. தாளத்துக்கு ஏற்ற ஓசையாக நிற்கிறது. தொல்காப்பியர் தடுத்தது, பாட்டை ஓர் ஆளோடு கட்டிப்போடுவதை. ஓசையாகிவிட்ட பெயர் எவரையும் கட்டுவதில்லை.

சொல்லை மட்டும் பேசி மெட்டை விட்டுவிடலாகாது. சொல் விளங்காத காலத்திலும் எங்களை நிறுத்தியது மெட்டுத்தான். ஆங்கில மெல்லிசையில் ஓர் அடுக்கு எட்டுத் தாளக்கட்டில் முடிவது வழமை. காது அதை எதிர்பார்த்தே கேட்கும். 'யெஸ்டர்டே' ஏழிலேயே முடிந்துவிடுகிறது. சொல்லாமற் போனவளைப்போல மெட்டும் ஒரு கட்டு முன்னதாக எழுந்து போய்விடுகிறது. கணக்குத் தெரியாதவர் காதுக்கும் அந்தக் குறை கேட்கும்.

மொழி புரியாத காதற்பாட்டு மட்டக்களப்புக்கு வானொலியோடு வந்ததுமன்று. போர்த்துக்கேயர் 1628இல் இங்கே கோட்டை கட்டினர். பத்தாண்டில், 1638இல், ஒல்லாந்தர் அதைப் பிடித்துக்கொண்டனர். ஆட்சி போனது, பாட்டுப் போகவில்லை. பறங்கியர் என்று நாம் அழைக்கும் போர்த்துக்கேய வழிவந்தோர் தம் கலப்புமொழியில் காதற்பாட்டுகளைப் பாடி, வயலினும் கிற்றாரும் கொண்டு கபிரிஞ்ஞா ஆடி வந்தனர். அந்தத் தாளத்திலிருந்தே பைலா பிறந்தது. பொலிஸ் உத்தியோகத்தரான வோலி பஸ்தியன்ஸ் அதைச் சிங்களத்தில் நாடெங்கும் பரப்பினார். நம் தமிழ்ப் பொப்பிசையும் அதே தாளத்தில்தான் நடந்தது. இன்று அந்தக் கலப்புமொழியைப் பேசுவோர் மிகச் சிலரே. 2004 டிசம்பர் 26இல் வந்த கடற்கோள் டச்பார் கரையில் அந்தச் சமூகத்திற் பலரைக் கொண்டுபோயிற்று. மெட்டுக்குக் கேடில்லை, அது சிங்களத்திலும் தமிழிலும் புகுந்து பிழைத்துக்கொண்டது. அந்த மொழியிற் கிடந்த காதற்சொல் என்னவாயிற்று?

அதில் ஒரு பகுதி தப்பியது. பிரித்தானிய அரசாங்க உத்தியோகத்தரான ஹியூ நெவில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மட்டக்களப்புப் பறங்கியரின் பாட்டுகளைக் கையெழுத்துப் பிரதியாகத் திரட்டினார். அவர் தொகுப்பு இலண்டன் போய்ச் சேர்ந்தது. நூறாண்டு கழித்துக் கெனத் டேவிட் ஜாக்சன் என்னும் அறிஞர் அதைப் படித்து ஆராய்ந்து 1990இல் நூலாக்கினார். நெவில் எழுதி வைத்திராவிட்டால் ஜாக்சனுக்கு அந்தத் தொகுப்பு கிடைத்திருக்காது.

இங்கேதான் எனக்குக் கவலை. 'யெஸ்டர்டே' பாட்டு எந்த வீட்டில் பிறந்தது, எந்த நாளிற் பதிவானது, எத்தனை கருவிகள் இசைத்தன என்பதெல்லாம் செட்டிபாளையத்தில் இருந்துகொண்டு என்னாற் சொல்ல முடிகிறது. செட்டிபாளையத்துப் பரணில் பிறந்த ஒரு கவியைப் பற்றி அப்படி ஒரு வரி சொல்ல முடியவில்லை. அகத்துள் இருப்பவருக்குப் பெயர் வேண்டாம் என்ற விதியை நாம் பாட்டுக் கட்டியவருக்கும் நீட்டிவிட்டோம். முன்னோர் சிலர் முயன்றார்கள். தி. சதாசிவ ஐயர் 1940இல் வசந்தன் கவிகளைத் திரட்டினார். மண்டூர் தந்த பண்டிதர் வி. சீ. கந்தையா 1964இல் 'மட்டக்களப்புத் தமிழகம்' நூலில் நாட்டுப்பாடல்களுக்கும் இடம் தந்தார். அவர்கள் கையில் அகப்பட்டவை பிழைத்தன. மற்றவை குரல்வளையை நம்பியிருந்தன.

அந்தக் குரல்வளைகளுக்கு நேர்ந்ததை நேயர்கள் அறிவீர்கள். 1978 நவம்பர் 23இல் வீசிய சூறாவளியில் எங்கள் வீட்டுக் கூரையோடு, மாமா ஒருவர் கவி எழுதி வைத்திருந்த கொப்பியும் போயிற்று. 1983இலிருந்து 2009 வரையான யுத்தகாலத்தில் இரவிலே பரணில் இருந்து பாடுவதற்கு எவருக்கும் மனமிருக்கவில்லை. பல ஆண்டுகள் வாவி கடந்து வயலுக்குப் போவதே பெரும்பாடாயிருந்தது. பின்னர் அறுவடை இயந்திரம் வந்தது. பல நாள் வேலையை அது சில மணி நேரத்தில் முடிக்கிறது. அதை நான் குறை சொல்லவில்லை. முதுகு வளைந்தவர்களுக்கு அது விடுதலை. ஆனால் இயந்திரத்தின் இரைச்சலுக்கு எதிர்க்கவி பாட ஆளில்லை.

பாட்டு தானாகவே வாழும் என்று சொல்லிச் சும்மா இருப்பவர்கள், நம் வாவியைச் சான்றுக்கு அழைப்பதுண்டு. 1848இல் எமர்சன் டெனன்ற் என்னும் ஆங்கிலேய அதிகாரி இரவிலே தோணியில் இருந்து, நீருக்கடியில் எழுந்த மெல்லோசையைக் கேட்டுத் தம் நூலில் எழுதினார். விபுலானந்த அடிகள் அவ்வோசையை நீரரமகளிரின் இசையாகக் கண்டு பாடினார். பாடுவது மீனா, ஊரியா என்ற வாதம் இன்றும் உண்டு. பாடுபவர் யாரென்று தெரியாமலே அந்தப் பாட்டுப் புகழ்பெற்றது உண்மைதான். ஆனால் கேட்டவர்கள் எழுதியதால் அல்லவா உலகம் அதை அறிந்தது?

குறுந்தொகை நாற்பதாம் பாட்டைக் கட்டிய புலவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பாட்டிலுள்ள உவமையைக் கொண்டே அவரைச் செம்புலப்பெயனீரார் என்று அழைக்கிறோம். பெயர் போயும் பாட்டுப் போகவில்லை. காரணம், பூரிக்கோ என்ற ஒருவர் அந்த நானூறு பாட்டுகளையும் ஒன்றுசேர்த்தார். பின்வந்தோர் ஏடு எழுதினர். 1915இல் சௌரிப்பெருமாள் அரங்கன் அச்சிட்டார். 1937இல் உ. வே. சாமிநாதையர் உரையோடு பதிப்பித்தார். ஒரு காதற்பாட்டு ஈராயிரம் ஆண்டு வாழ்வதற்கு நெஞ்சு மட்டும் போதாது, தொகுப்பவரும் வேண்டும்.

எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் கவி தெரிந்த ஆச்சிமார் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கேட்டால் வெட்கப்படுவார்கள், பேரப்பிள்ளை முன்னால் காதற்கவியா என்று சிரிப்பார்கள். விடாதீர்கள். கையில் உள்ள தொலைபேசியிலேயே பதிவுசெய்யலாம். அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள், சொல்லைத் திருத்தாதீர்கள். அடியில் பாடியவரின் பெயரையும் ஊரையும் நாளையும் குறியுங்கள். கவியில் வரும் மச்சான் யார் என்று மட்டும் கேட்கவேண்டாம்.